91-உம் 24-உம்: சான் ஹொசேயில் நடந்த இணையவழிப் பாடச் சோதனை

கலிபோர்னியாவில் உள்ள சான் ஹொசே மாநிலப் பல்கலைக்கழகத்தில், 2012 ஆகஸ்டில் தொடங்கிய செமஸ்டரில், மின்சுற்றுப் பாடம் எடுத்த ஒரு வகுப்பில் 91 சதவீதம் பேர் பாஸ். அந்தப் பாடத்தில் அதற்கு முன்பு அறுபதைத் தொடுவதே பெரும்பாடாக இருந்தது. அடுத்த செமஸ்டரில், அதே பல்கலைக்கழகத்தின் பெயரில் நடந்த அடிப்படைக் கணித வகுப்பில் பாஸானவர்கள் 23.8 சதவீதம். இரண்டு வகுப்பிலும் பாடத்தை விளக்கியது வீடியோ. இரண்டும் அன்றைக்குப் பெயர் பெற்றிருந்த இணையக் கல்வி அமைப்புகளோடு கைகோத்துச் செய்தவை. இரண்டுக்கும் பின்னால் நின்ற பல்கலைக்கழகத் தலைவரும் ஒருவரே.

வகுப்பறைக்குள் தொழில்நுட்பத்தைக் கொண்டுவர நினைக்கும் எந்தக் கல்லூரியும் படித்துப் பார்க்க வேண்டிய நிகழ்வு இது. வெற்றியும் தோல்வியும் ஒரே கூரையின் கீழ், சில மாத இடைவெளியில் நடந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி. ஆனால் அந்த ஒப்பீட்டிலேயே சில கண்ணிகளும் இருக்கின்றன.

முதலில் காலத்தைச் சொல்லிவிட வேண்டும். 2011-இல் ஸ்டான்ஃபோர்டில் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் இருவரும் தங்கள் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் யாரும் சேரலாம் என்று திறந்துவிட்டார்கள். சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். முடித்தவர்கள் 23,000 பேர் அளவில். பாலைவனத்தில் ஓட்டுநர் இல்லாமல் ஓடி 2005-இல் அமெரிக்க ராணுவ ஆய்வு முகமையின் போட்டியை வென்ற காரை உருவாக்கிய குழுவின் தலைவர்தான் இந்த த்ரன்; பிறகு கூகுளின் தானோட்டிக் கார் திட்டத்தை நடத்தியவர். கூட்டத்தைக் கண்ட உற்சாகத்தில் 2012-இல் யுடாசிட்டி என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். அதே ஆண்டு மே மாதம் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் (குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, மாசசூசெட்ஸில் இருப்பது) ஆளுக்கு 3 கோடி டாலர் போட்டு எட்எக்ஸ் அமைப்பைத் தொடங்கின. அதன் தலைவர் அனந்த் அகர்வால், நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக் முடித்துப் போனவர். அவரும் சகாக்களும் நடத்திய 'மின்சுற்றுகளும் மின்னணுவியலும்' என்ற பாடம்தான் எட்எக்ஸின் முதல் பெரும் சோதனை. பதிவு செய்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். சான்றிதழ் வாங்கியவர்கள் 7,157.

பெருந்திரள் இணையப் பாடங்கள், சுருக்கமாக 'மூக்', பல்கலைக்கழகங்களையே இல்லாமல் ஆக்கிவிடும் என்று பத்திரிகைகள் எழுதிய ஆண்டு அது. நூற்றுக்கு ஐந்து பேர்கூட முடிக்கவில்லையே என்று யாராவது கேட்டால், அந்த ஐந்தும் ஏழாயிரம் பேர், எந்த வகுப்பறையில் ஏழாயிரம் பேருக்குப் பாடம் நடத்த முடியும் என்று பதில் வரும். இலவசப் பாடத்துக்கு அந்தப் பதில் சரிதான். கட்டணம் கட்டிச் சேர்ந்து, அந்தப் பாடத்தை முடித்தால்தான் அடுத்த ஆண்டு என்று நிற்கும் பிள்ளைக்கு அது எப்படிப் பொருந்தும் என்று அன்றைக்கு அதிகம் பேர் யோசித்ததாகத் தெரியவில்லை.

சான் ஹொசே மாநிலப் பல்கலைக்கழகம் ஸ்டான்ஃபோர்டிலிருந்து காரில் அரை மணி நேரத் தூரம். ஆனால் இரண்டும் வேறு உலகம். 1857-இல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியாகப் பிறந்தது. அன்றைக்கு 23 வளாகங்கள் கொண்டிருந்த கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் அங்கம். அப்போது ஏறக்குறைய 30,000 மாணவர்கள். வீட்டிலேயே முதல் பட்டதாரி, பகலில் படித்து இரவில் வேலைக்குப் போகிறவர், புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை என்று வகுப்பறை நிறைந்திருக்கும். சிலிக்கான் பள்ளத்தாக்கின் பெரிய நிறுவனங்களுக்குப் பொறியாளர்களை அனுப்பும் முக்கியமான கல்விக்கூடம் இதுதான், பெயர் வாங்கிக்கொள்வது ஸ்டான்ஃபோர்டாக இருந்தாலும்.

2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு மாநில அரசு உயர்கல்விக்குத் தந்த பணத்தை வெட்டிக்கொண்டே போனது. கட்டணம் ஏறியது. தேவையான பாடத்தில் இடம் கிடைக்காமல் பட்டம் தள்ளிப் போனது. இன்னொரு பக்கம், மாநிலப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு சேருகிறவர்களில் பாதிக்கு மேல் ஆங்கிலத்திலோ கணிதத்திலோ கல்லூரிப் பாடத்துக்குத் தயாராக வரவில்லை. அவர்கள் முதலில் நம் ஊர் பிரிட்ஜ் கோர்ஸ் போன்ற ஒன்றைப் படித்துத் தேற வேண்டும். அதில் அரியர் விழுந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். ஆளுநர் ஜெர்ரி பிரவுனுக்கும் பல்கலைக்கழகத் தலைவர் முகமது கயூமிக்கும் தொழில்நுட்பம் ஒரு வழியாகத் தெரிந்தது இந்தச் சூழலில்தான். அவர்கள் பார்த்த நோக்கில் தவறு சொல்ல முடியாது. காத்திருக்கும் மாணவர் உண்மை, பணமின்மையும் உண்மை.

முதல் வகுப்பு

மின்சுற்றுப் பாடம் பொறியியல் மாணவர்களுக்குக் கட்டாயம். அதில் தேறாமல் மேற்கொண்டு நகர முடியாது. தேறாதவர்களோ பத்துக்கு நான்கு பேர். எட்எக்ஸ் பாடத்தை எடுத்து ஒரு வகுப்பில் மட்டும் முயன்று பார்ப்பது என்று முடிவானது. எண்பதுக்கும் சற்று அதிகமான மாணவர்கள்.

ஏற்பாடு எளிமையானது. எம்.ஐ.டி. வீடியோவை மாணவர்கள் வீட்டில் பார்க்க வேண்டும். வீடியோவுக்கு இடையிடையே வரும் சிறு கணக்குகளையும் போட வேண்டும். எது புரியவில்லை என்று வகுப்புக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். வகுப்புக்கு வந்தால் ஆசிரியர் முதல் சில நிமிடங்கள் அந்தப் புரியாத இடங்களைத் தொட்டுப் பேசுவார். அதன் பிறகு விரிவுரை கிடையாது. மாணவர்கள் சிறு குழுக்களாக உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். ஆசிரியரும் உதவி ஆசிரியர்களும் மேசை மேசையாகச் சுற்றி வருவார்கள். தேர்வும் அங்கேயே, சான் ஹொசே ஆசிரியர் வைத்தது.

இந்த அமைப்பில் என்னென்ன நடக்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம். வழக்கமான பொறியியல் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் கிர்க்காஃப் விதியை விளக்குவார், மாணவர் எழுதிக்கொள்வார், கணக்கு வீட்டுக்கு. வீட்டில் இரவு பதினொரு மணிக்கு மூன்றாவது கணக்கில் கூட்டல்-கழித்தல் குறி தவறிப் போய் மாட்டிக்கொண்டால் கேட்க ஆளில்லை. மறுநாள் பக்கத்தில் இருப்பவன் நோட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுவார். கடினமான பகுதி யாரும் இல்லாத இடத்தில் நடக்கிறது, எளிதான பகுதி ஆசிரியர் முன்னால் நடக்கிறது. சான் ஹொசே வகுப்பு இதைப் புரட்டிப் போட்டது. கேட்டு எழுதும் வேலை வீட்டுக்குப் போனது. திணறும் வேலை ஆசிரியர் கண்முன் வந்தது. குறி தவறினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கூடவே இன்னொன்றும் நடந்தது, இதைப் பலர் கவனிப்பதில்லை. மாணவர்கள் இந்தப் பாடத்துக்கு முன்பைவிட அதிக நேரம் செலவிட வேண்டியிருந்தது. வீடியோ, அதற்குள் கணக்கு, வீட்டுப் பாடம், வகுப்பில் மறுபடி கணக்கு. வாரம் தவறாமல் யாரோ நம் வேலையைப் பார்க்கிறார்கள் என்ற நிலை. 91 சதவீதத்தில் எம்.ஐ.டி. விரிவுரையின் பங்கு எவ்வளவு, கூடுதல் உழைப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்தச் சோதனையில் வழியில்லை. ஒரே ஒரு வகுப்பு, ஆர்வம் மிகுந்த ஒரே ஒரு ஆசிரியர், குலுக்கல் முறையில் பிரிக்கப்படாத மாணவர்கள். ஆய்வு முறை தெரிந்த யாரும் இதை வைத்துப் பெரிய முடிவுக்கு வரமாட்டார்கள். ஆனால் 2013 ஏப்ரலில், அகர்வாலும் கயூமியும் சேர்ந்து நின்று, இதே பாடத்தை இன்னும் 11 மாநிலப் பல்கலைக்கழக வளாகங்களுக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார்கள்.

என் கணிப்பைக் கேட்டால், எம்.ஐ.டி. வீடியோவுக்குப் பதில் அதே சான் ஹொசே ஆசிரியர் தன் செல்போனில் பதிவு செய்த விளக்கத்தைக் கொடுத்திருந்தாலும் முடிவு பெரிதாக மாறியிருக்காது. வீடியோ செய்த நல்ல காரியம், வகுப்பு நேரத்தைக் காலி செய்து கொடுத்தது. அந்தக் காலி நேரத்தில் ஆசிரியர் என்ன செய்தார் என்பதில்தான் விஷயம்.

இரண்டாவது வகுப்பு

2013 ஜனவரி 15 அன்று ஆளுநர் பிரவுன், கயூமி, த்ரன் மூவரும் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார்கள். சான் ஹொசே மாநிலப் பல்கலைக்கழகமும் யுடாசிட்டியும் சேர்ந்து மூன்று பாடங்களை முழுக்க இணையவழியில் நடத்தும்: அடிப்படைக் கணிதம், கல்லூரி இயற்கணிதம், தொடக்கநிலைப் புள்ளியியல். ஒரு பாடத்துக்கு 100 பேர். கட்டணம் 150 டாலர், வழக்கமான கட்டணத்தைவிட மிகவும் குறைவு. பாஸானால் பல்கலைக்கழகத்தின் முறையான கிரெடிட் கிடைக்கும். இடங்களில் ஒரு பாதி சொந்த மாணவர்களுக்கு. மறுபாதி உயர்நிலைப் பள்ளி, கம்யூனிட்டி கல்லூரி மாணவர்கள் போன்ற வெளியாட்களுக்கு. சந்தேகம் வந்தால் கேட்க யுடாசிட்டி வேலைக்கு எடுத்த மென்ட்டர்கள் இணையத்தில் இருப்பார்கள். விளைவை அளக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் தனி ஆய்வும் உண்டு.

காகிதத்தில் படித்தால் குறை சொல்ல இடமில்லாத திட்டம். மலிவு, கிரெடிட், உதவிக்கு ஆள், ஆய்வு. ஆனால் யாரை முதலில் சேர்த்தார்கள் என்று பார்த்தால் வயிறு கலங்கும். அடிப்படைக் கணிதத்தில் சேர்ந்த சான் ஹொசே மாணவர்கள், அதே பாடத்தை ஏற்கெனவே நேரில் படித்துத் தோற்றவர்கள். வெளியாட்களில் ஒரு பகுதியினர் ஓக்லாந்தில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியிலிருந்து வந்தவர்கள். அவர்களில் சிலருக்கு வீட்டில் கணினியே சரியாக இல்லை என்பது பாடம் தொடங்கிச் சில வாரங்கள் கழித்தே தெரிய வந்தது. பிறகு பள்ளியில் ஏற்பாடு செய்தார்கள். அதற்குள் இயற்கணிதத்தில் பின்தங்கியவர் எப்படி எட்டிப் பிடிப்பார்?

அவசரமும் சேர்ந்துகொண்டது. அறிவித்த அதே மாதத்தில் வகுப்பு. பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வாரத்துக்கான பகுதியைத் தயாரிக்க வேண்டியிருந்ததை அன்றைய கல்விப் பொறுப்பாளர் எலன் ஜன் பின்னர் ஒப்புக்கொண்டார். ஓட்டை விழுந்த படகைத் துடுப்புப் போட்டுக்கொண்டே அடைப்பது போன்ற வேலை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: மாணவர்கள் ஓடிப்போகவில்லை. 83 சதவீதம் பேர் கடைசி வரை இருந்தார்கள். இலவச இணையப் பாடங்களில் ஐந்து, பத்து சதவீதம் நிற்பதே பெரிது எனும்போது இது பெரிய எண். ஆனால் இருந்தவர்கள் தேறவில்லை. அடிப்படைக் கணிதம் 23.8 சதவீதம், இயற்கணிதம் 25.4, புள்ளியியல் 50.5. வளாகத்தில் நேரில் படித்தவர்களின் தேர்ச்சி முறையே 45.5, 64.7, 76.3. இயற்கணிதத்தில் வெளியாட்களை மட்டும் தனியாக எடுத்தால் எண் இன்னும் சரிகிறது.

2013 ஜூலையில் பல்கலைக்கழகம் கூட்டுத் திட்டத்தை நிறுத்திவைத்தது. தற்காலிகம் என்றார்கள். பழைய வடிவில் அது மீளவில்லை.

இதில் ஒரு விசித்திரம். நிறுத்திவைத்த சில வாரங்களில் கோடைக்கால வகுப்பின் முடிவுகள் வந்தன. புள்ளியியல் 83 சதவீதம், இயற்கணிதம் 72.6. வளாகத்து எண்ணையே தாண்டிவிட்டது. யுடாசிட்டி இதைக் கொண்டாடியது. பாடத்தில் சில திருத்தங்கள் செய்திருந்தார்கள் என்பது உண்மை: தொடக்க அறிமுகம், கணக்குகளுக்குத் துணைக்குறிப்பு, எந்த வாரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்ற நினைவூட்டல். ஆனால் கோடையில் சேர்ந்தவர்கள் யார்? யாரும் சேரலாம் என்று திறந்துவிட்டதால் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே இளங்கலைப் பட்டமோ அதற்கு மேலோ முடித்தவர்கள். பட்டதாரி ஒருவர் புள்ளியியல் பாடத்தில் தேறுவதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அதே கோடையில் அடிப்படைக் கணிதத்தின் தேர்ச்சி 29.8 சதவீதம்தான். யாருக்காக இந்தத் திட்டம் என்று ஆளுநர் சொன்னாரோ, அவர்களுடைய எண் பெரிதாக அசையவில்லை.

த்ரன் அந்த நவம்பரில் 'ஃபாஸ்ட் கம்பெனி' இதழுக்குப் பேட்டி கொடுத்தார். தங்கள் கையில் இருப்பது மட்டமான சரக்கு என்று வெளிப்படையாகவே சொன்னார். தொழில்முனைவோர் வாயிலிருந்து அப்படியொரு வாக்கியம் வருவது அபூர்வம், அதற்காக அவரைப் பாராட்டலாம். ஆனால் அதே பேட்டியில், கடினமான சூழலிலிருந்து வந்த, சரியான கணினி வசதி இல்லாத மாணவர்கள் அவர்கள், இந்த ஊடகம் அவர்களுக்குப் பொருந்தாது என்றும் சொன்னார். இங்கே எனக்கு உடன்பாடில்லை. ஊடகம் பொருந்தவில்லையா, அல்லது அந்த மாணவரோடு யாரும் உட்காரவில்லையா? இரண்டையும் அவர் ஒன்றாக்கிவிட்டார்.

இதற்கு ஆய்வறிக்கையிலேயே ஒரு தடயம் இருக்கிறது. 2013 செப்டம்பரில் வந்த அந்த அறிக்கை, யார் பாஸானார், யார் ஆகவில்லை என்பதை எந்தக் காரணி நன்றாகக் காட்டுகிறது என்று தேடிப் பார்த்தது. பாலினமோ வயதோ எந்தப் பாடம் என்பதோ முன்னே வரவில்லை. மாணவர் எவ்வளவு உழைத்தார் என்பதுதான் முன்னே வந்தது, அதிலும் குறிப்பாக எத்தனை கணக்குத் தொகுப்புகளை முடித்து அனுப்பினார் என்ற எண்ணிக்கை. உழைத்தால் பாஸ் என்று கண்டுபிடிக்க ஓர் ஆய்வா என்று சிரிக்கத் தோன்றும். அடுத்த வரியையும் படிக்க வேண்டும். உதவிக்கென்று வைத்திருந்த சேவைகளைப் பெரும்பாலான மாணவர்கள் பயன்படுத்தவில்லை. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே சரியாகத் தெரியவில்லை.

திணறுகிற மாணவர் தானாகக் கை தூக்குவதில்லை என்பது பாடம் நடத்திய எவருக்கும் தெரியும். நேர் வகுப்பில் அவர் முகத்தைப் பார்த்தே ஆசிரியர் கண்டுபிடிப்பார். இரண்டு நாள் வராவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் விசாரிப்பார். யுடாசிட்டியின் மென்ட்டர்கள் கேட்டால் பதில் சொல்லக் காத்திருந்தார்கள். கேட்கத் தெரிந்தவர்களுக்கு அது போதும். மின்சுற்று வகுப்பிலோ கேட்காமல் தப்பிக்கவே முடியாது, மேசைக்கே வந்துவிடுவார்கள். கணக்கை அனுப்பாத மாணவரின் பெயர் கணினியில் முதல் வாரமே தெரிந்திருக்கும். அந்தப் பெயரைப் பார்த்து ஃபோன் செய்யும் வேலை யாருடையது என்பதை முன்கூட்டியே தெளிவாக ஒதுக்கியிருந்தால் 23.8 கொஞ்சமாவது ஏறியிருக்கும் என்றே நினைக்கிறேன். தொழில்நுட்பம் தரவைத் திரட்டிக் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு நடக்க வேண்டிய மனித வேலைக்குத்தான் ஆள் பற்றவில்லை. ஆள் வைத்தால் 150 டாலரில் பாடம் நடத்த முடியாது என்பது வேறு கதை, அல்லது அதுதான் முழுக் கதையும்.

மறுத்த துறை

மூன்றாவது ஒரு வகுப்பு நடக்கவே இல்லை. அதையும் சொல்லாமல் இந்த ஆய்வு முழுமை பெறாது.

மின்சுற்றுப் பாடம் வெற்றி பெற்றதும், ஹார்வர்டில் மைக்கேல் சாண்டல் நடத்தும் நீதி பற்றிய புகழ்பெற்ற பாடத்தை எட்எக்ஸ் வழியாக எடுத்துப் பயன்படுத்தும்படி சான் ஹொசே தத்துவத் துறைக்குச் சொல்லப்பட்டது. துறை மறுத்தது. 2013 ஏப்ரல் இறுதியில் சாண்டலுக்கே ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியது. எங்கள் துறையில் இந்த வீடியோ தீர்த்துவைக்கக்கூடிய கற்பித்தல் பிரச்சினை எதுவும் இல்லை என்பது அதன் முதல் அடி. இதே பாடத்தை நாங்களே நேரில் நடத்துகிறோம், மாணவர்கள் வாதம் செய்கிறார்கள். அதை விட்டுவிட்டு, வேறொரு பேராசிரியர் ஹார்வர்டு மாணவர்களோடு வாதம் செய்வதை எங்கள் மாணவர்கள் ஏன் திரையில் பார்க்க வேண்டும்? நாடு முழுக்க எல்லாத் தத்துவத் துறைகளிலும் சமூகநீதி பற்றிய ஒரே பாடம் ஓடுவதை நினைத்தால் அச்சமாக இருக்கிறது என்றும் எழுதினார்கள். பணக்காரப் பிள்ளைகளுக்கு நிஜப் பேராசிரியர், ஏழைப் பிள்ளைகளுக்குப் பதிவு செய்த பேராசிரியர் என்று இரண்டு வகைப் பல்கலைக்கழகங்கள் உருவாகிவிடும் என்பது அவர்களுடைய முக்கிய அச்சம்.

கடிதத்தைப் பல்கலைக்கழகத் தலைவருக்கு எழுதாமல் சாண்டலுக்கு எழுதியது அவ்வளவு நியாயமாக எனக்குப் படவில்லை. மனிதரைக் கேட்டுவிட்டா அந்தப் பாடத்தைக் கொடுத்தார்கள்? அவர் பதிலில் பெருந்தன்மை இருந்தது: நிதி நெருக்கடியில் உள்ள அரசுப் பல்கலைக்கழகங்களின் துறைகளுக்கு இணையப் பாடங்களால் கெடுதல் வரும் என்ற கவலை நியாயமானது, தன் விரிவுரைகள் வேறு இடத்து ஆசிரியர்களைப் பலவீனப்படுத்தப் பயன்படுவதைத் தான் விரும்பவில்லை என்றார்.

மின்சுற்று ஆசிரியர் ஏற்றதும் தத்துவ ஆசிரியர்கள் மறுத்ததும் முரண் போலத் தோன்றும். எனக்கு அப்படித் தெரியவில்லை. மின்சுற்றில் விரிவுரையை வெளியே தள்ளினால் வகுப்பில் கணக்குக்கு இடம் கிடைக்கிறது. தத்துவ வகுப்பில் பேச்சும் மறுபேச்சும்தான் 'கணக்கு'. அதையே திரைக்குக் கொடுத்துவிட்டால் வகுப்பில் மிஞ்சுவது என்ன? சாண்டலின் வீடியோவை வீட்டில் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் அவரோடு சண்டை போடலாமே என்று கேட்கலாம். போடலாம், அதை ஆசிரியர் தானாக விரும்பிச் செய்யும்போது. மேலிடத்திலிருந்து வரும்போது, அடுத்த ஆண்டு ஆசிரியர் பணியிடத்தைக் குறைக்கப் போகிறார்கள் என்று தத்துவம் படிக்காதவருக்கும் தோன்றும்.

அந்தக் கசப்பு ஆறவில்லை. 2013 நவம்பரில் சான் ஹொசே கல்விப் பேரவை, வளாகத்தின் நிர்வாக முறையை ஆராயும்படி மாநில அமைப்பின் தலைமையைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. கயூமி 2015-இல் விலகி, ஆப்கானிஸ்தான் அதிபர் அஷ்ரஃப் கனியின் ஆலோசகராகப் போனார். இணையப் பாடங்களுக்குக் கிரெடிட் தரும்படி அரசுக் கல்லூரிகளைக் கட்டாயப்படுத்த மாநில சட்டமன்றத்தில் வந்த மசோதாவும் 2013-லேயே ஓரங்கட்டப்பட்டது.

அதற்குப் பிறகு

யுடாசிட்டி பல்கலைக்கழகப் பாடங்களை விட்டு வேலைவாய்ப்புத் திறன் பயிற்சிக்கு நகர்ந்தது. 2024-இல் அக்சென்ச்சர் அதை வாங்கியது. எட்எக்ஸை 2021-இல் 2யூ என்ற நிறுவனம் 80 கோடி டாலருக்கு வாங்கி, 2024-இல் தானே திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது.

ஆனால் யுடாசிட்டி தொட்டதெல்லாம் தோற்கவில்லை. சான் ஹொசேயில் அடிபட்ட அதே நேரத்தில், ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கணினி அறிவியலில் முழு முதுகலைப் படிப்பை இணையத்தில் நடத்த ஒப்பந்தம் போட்டது. 2014 ஜனவரியில் தொடங்கியது; மொத்தச் செலவு சுமார் 7,000 டாலர். பத்தாண்டுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் பட்டம் பெற்றார்கள். சேருகிறவர்கள் ஏற்கெனவே பட்டம் பெற்று வேலையில் இருப்பவர்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அங்கே விடைத்தாள் திருத்தவும் சந்தேகம் தீர்க்கவும் உதவி ஆசிரியர்களை நூற்றுக்கணக்கில் அமர்த்தியிருக்கிறார்கள். அவர்களில் பலர் அதே படிப்பை முடித்தவர்கள். வீடியோவை ஒரு முறை எடுத்தால் போதும். உதவி ஆசிரியரின் சம்பளம் ஒவ்வொரு செமஸ்டரும் வரும் செலவு. அதை அவர்கள் கணக்கில் எழுதிக்கொண்டுதான் ஆரம்பித்தார்கள்.

நம் பக்கத்துக்கு வந்தால், ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல் என்ற இணையப் பாடத் திட்டம் 2003-இல் தொடங்கியது, மூக் என்ற பேச்சே இல்லாத காலத்தில். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் அதைத் தெரியாத மாணவர் இருக்க மாட்டார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிகளின்படி ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை, என்.பி.டெல் பாடங்களும் இடம்பெறும் மத்திய அரசின் ஸ்வயம் இணையத்தளம் வழியாகவே முடிக்கலாம். என்.பி.டெல் மதிப்பெண்ணில் 25 வாராந்திர அசைன்மென்டுக்கு, 75 தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு. தேர்வை நேரில் வைத்தது நல்ல முடிவு. ஆனால் சான் ஹொசே அறிக்கை சொன்ன அந்த முக்கியமான காரணி, மாணவர் தன் கையால் போட்டு அனுப்பும் கணக்கு, இங்கே எந்த நிலையில் இருக்கிறது? யூடியூபில் பாடத்தின் பெயரையும் வார எண்ணையும் தட்டினால் விடைகள் வரிசையாக வந்து நிற்கும். 25-இல் 24 வாங்கிவிட்டுத் தேர்வில் திணறுகிறவர்களைப் பார்க்காத ஆசிரியர் குறைவு.

கல்லூரிகளில் என்.பி.டெல் கிளைகளும், அவற்றில் மாணவர்களுக்குத் துணையாக மென்ட்டர் என்று ஓர் ஆசிரியரும் உண்டு. அந்த ஆசிரியருக்கு வாரத்தில் ஒரு பீரியட் டைம்டேபிளிலேயே ஒதுக்கி, வீடியோ பார்த்துவிட்டு வந்த மாணவர்களை அந்த நேரத்தில் கணக்குப் போட வைத்து, மேசை மேசையாகப் போய்ப் பார்க்கும் கல்லூரிகளும் இருக்கலாம். பல இடங்களில் மென்ட்டரின் வேலை பதிவுக் கட்டணம் கட்டியாயிற்றா, ஹால் டிக்கெட் எடுத்தாயிற்றா என்று வாட்ஸாப்பில் நினைவுபடுத்துவதோடு முடிந்துவிடுகிறது.